மஞ்சள் அங்கி

ஈஸ்டரையொட்டி எங்கள் ஊரில் நடக்கும் பாஸ்கா நாடகத்தில் யூதாஸ் போடுகிற மஞ்சள் அங்கி என் பீரோவின் கீழ்த்தட்டில்தான் இருக்கும். மற்றவர்களின் உடுப்பெல்லாம் கோயில் பெட்டியில் கிடக்க, இது மட்டும் ஏன் என் வீட்டில் என்றால், அதைப் போடுகிறவர் என் தாய்மாமன். வருஷா வருஷம் தவக்காலம் பிறந்ததும் இடுப்பில் துளி பிரித்துவிடுவது என் வேலை. இந்த வருஷம் அதை மடியில் போட்டுக்கொண்டு, ஊசி கோக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாமாவுக்கு அந்த வேஷம் நடிப்புத் திறமையால் வந்ததில்லை. இருபது வயதில் அவருடைய உயிர்ச்சிநேகிதன், வேறு சாதிப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு பென்னாகரம் பஸ் ஏறி, ஒகேனக்கல்லில் பரிசல் பிடித்து, அக்கரையில் கர்நாடகத்துக்குப் போய்விடத் திட்டம் போட்டிருந்தான். அது மாமாவுக்கு மட்டுமே தெரியும். மாமா போய்ப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக் காலை உடைத்தார்கள். அந்தச் சிநேகிதன் நொண்டிக்கொண்டே பெங்களூர் போனவன், ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. "ஆத்துல தண்ணி ஏறிக் கெடந்துச்சு, ரெண்டு பேரும் ஆத்தோட போயிருவாங்கன்னு பயந்துதான் சொன்னேன்" என்று மாமா சொன்னதை யாரும் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு யாரோ கேலிக்கு, "யூதாஸுக்கு ஆள் தேட வேணாம் சாமி, கைவசம் இருக்குது" என்று பங்குச்சாமியாரிடம் சொல்ல, அன்றைக்கு ஏறிய அங்கி முப்பத்தேழு வருஷம் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா வாயைத் திறந்து ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணைத் தருமபுரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டுமா, கல்லறை வெட்ட ஆள் வேண்டுமா, அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாம் முடிந்த பின் நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்துக்கு அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போவார். பாஸ்காவில் இயேசுவை முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுக்கிற காட்சி வந்தால் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். மறுநாள் காலையில் அதே கிழவிகளுக்கு அவர்தான் ரேஷன் மூட்டை தூக்கி வருவார். என்ன ஜென்மங்களோ நாங்கள்!

நான் பள்ளிக்கூட டீச்சர் என்பதால், யாருக்கு என்ன வேஷம் என்று எழுதும் நோட்டு போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் கைக்கு வந்தது. மாமா வாசலில் வந்து நின்றார். "பாப்பா, இந்த வருசமாச்சும் சிலுவைய வாங்கித் தூக்குற சீமோன் வேசம் குடு பாப்பா. பேச்சே வேணாம். தூக்கிட்டுப் போனாப் போதும்." அறுபதை நெருங்குகிற மனுஷன் அப்படிக் கேட்டதும் நோட்டைத் திறந்தேன். எழுதிவிட்டேன். கமிட்டிக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள், நான் விடவில்லை.

அவர் சிலுவையோடு வந்தபோது, "யூதாஸே தூக்குறான் டோய்!" என்று பின்னால் ஒரே சிரிப்பு. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் சட்டையை விலக்கி, தோளில் கன்றிப்போன இடத்தை என்னிடம் காட்டினார். பரிசு வாங்கின பிள்ளை மாதிரி முகம். நான் ஏதோ அவரைக் கரையேற்றிவிட்டதாக எனக்கும் ஒரு பெருமை, பொய் சொல்வானேன்.

இது நடந்து ஏழெட்டு மாசம் இருக்கும். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் லீவில் வந்தவள், அடுப்படியில் வைத்து விஷயத்தைப் போட்டுடைத்தாள். கூட வேலை செய்கிற பையன், வேறு சாதி. "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா..." என்று நான் ஆரம்பிக்கும்போதே, "பாப்பா, வூட்ல இருக்கியா?" என்று மாமா பை நிறைய அவரைக்காயோடு உள்ளே வந்துவிட்டார். நான் சட்டென்று வாயை மூடினேன். மூடியதோடு விட்டேனா? "தக்காளி இப்ப என்ன வெல போகுதுங்க மாமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். பையை மெதுவாகக் கீழே வைத்தார். காபி கலக்கிறேன் என்றேன். "இல்ல பாப்பா, காட்டுல மோட்டார் ஓடுது" என்று கிளம்பிவிட்டார். அந்த நேரத்தில் மோட்டாருக்குக் கரண்ட்டே வராது என்பது எனக்கும் தெரியும்.

அவர் படி இறங்கியதும் மகள் சொன்னாள்: "ஏம்மா இப்படிப் பண்ண? தாத்தாவுக்கு ஆறு மாசமாத் தெரியும். மொதல்ல அவருகிட்டதான் சொன்னேன். அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லு, என் வாயில இருந்து வராதுன்னு சொன்னாரு."

ஆறு மாதம். வாரத்தில் மூன்று நாள் என் வீட்டுக்கு வந்து, என் கையால் காபி குடித்துப் போயிருக்கிறார். ஒரு ஜாடை, ஒரு வார்த்தை இல்லை. அந்த மனுஷனுக்கு முன்னால்தான் நான் தக்காளி விலை கேட்டேன்.

போன தவக்காலத்தில் நோட்டு திறக்கும் முன்பே வந்தார். "எனக்குப் பழைய வேசமே எழுதிரு பாப்பா." சீமோன் உங்களுக்குத்தான் மாமா என்று கெஞ்சினேன். "சிலுவை கனமா இருக்குது. தோள் இன்னும் வலிக்குது" என்றார். கழனியில் உரமூட்டை தூக்குகிற தோள் அது. அன்றைக்கு நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் அப்பாவும் ஒருவழியாக இறங்கிவந்து, அந்தப் பையனோடேயே மகள் கல்யாணம் நல்லபடி முடிந்து, பந்தியில் அவர் இலை போட்டதையும் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இந்த வருஷமும் அங்கியை அளவு பார்க்க நேற்று வந்தார். கையிரண்டையும் விரித்துக்கொண்டு கூடத்தில் நின்றார். பிரித்துவிட வேண்டியிருக்கவில்லை, ஆள் இளைத்திருந்தார். முப்பது வருஷமாகப் பிரித்துவிட்ட துணியை முதல் முறையாகப் பிடித்துத் தைத்தேன்.

"சரியா இருக்குதா பாப்பா?" என்று கேட்டார்.

"சரியா இருக்குதுங்க மாமா" என்றேன்.