கண் திறக்காத முகம்

எங்கள் அப்பா கோயில் வாகனங்கள் செய்கிற தச்சர். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டியிருந்த பட்டறையில் குதிரையும் அன்னமும் யாளியும் செய்வார். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண். கண் திறக்கும்வரை அது வெறும் தடி, திறந்துவிட்டால் உயிர். செதுக்கிய கைதான் திறக்க வேண்டும், வேறொருவர் உளி வைக்கக் கூடாது. திறந்த கண் முதலில் ஒரு சிறுமியைப் பார்க்க வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். வீட்டில் அதற்கு வாய்த்தவள் நான். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போய் எதிரே நிற்பேன். சாமியைச் சுமக்கிறவர்கள் எல்லோரும் என் முகத்தில்தான் விழித்தார்கள் என்று எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல தலைக்கனம்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் சிங்கப்பூருக்குக் கப்பலேறிய சித்தப்பா திரும்பவில்லை. கல்யாணமான சில மாதத்தில் போனவர். சித்தி எங்களோடு இருந்தாள். கூடப் போனவர்களில் சிலர் வந்து சேர்ந்தார்கள். சுதந்திரம் வந்தும் சித்தப்பாவைப் பற்றித் தகவல் இல்லை. கருமாதியை முடித்துவிடுவது என்று பெரியப்பா தீர்மானித்தார்.

உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருச் செய்து எரிப்பது முறை. மரத்தில் பிழைத்தவனுக்குப் புல்லில் எதற்கு உரு என்று சொல்லி, அப்பாவிடம் ஒரு மாங்கட்டையைக் கொடுத்தார் பெரியப்பா. உரு எரிந்ததும் சித்தி தாலியைக் கழற்ற வேண்டும். அதற்கும் நாள் குறித்தாயிற்று.

அப்பா செதுக்கினார். மூக்கு வந்தது, மீசை வந்தது. சித்தப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோதுதான் அது அவரேதான் என்று தெரிந்தது.

குறித்த நாள் காலையில் தலைசீவி, பட்டுப்பாவாடையோடு பட்டறையில் போய் நின்றேன். சித்தப்பா என்னைத்தானே முதலில் பார்க்கப்போகிறார்! அப்பா உளிகளைத் துடைத்துச் சாக்கில் சுருட்டினார். உருவை எடுத்துப்போய் முற்றத்தில் கிடத்தினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவமானம் தாங்காமல் சித்தியிடம் ஓடினேன். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சுருண்டு கிடந்தாள்.

"சித்தி, அப்பா கண்ணே தொறக்கல்ல."

எழுந்து உட்கார்ந்தாள். "உள்ளதாட்டி? நீ பாத்தியா?"

"பாத்தேன். பொட்டக் கண்ணாட்டுதான் இருக்கு."

முகம் கழுவினாள். பழையதைப் பிழிந்து போட்டுச் சாப்பிட்டாள். பாவம், நல்ல பசி என்று நினைத்துக்கொண்டேன்.

முற்றம் நிறையச் சொந்தக்காரர்கள். பெரியப்பா முன்னால் தலை நிமிர்ந்தே அறியாத சித்தி நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"கண்ணு தொறக்காத தடிக்கா நான் தாலி அறுக்கணும்?"

பெரியப்பா குனிந்து உருவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"எடுலே உளிய."

"கை வரல்ல அண்ணே."

"ஒனக்குக் கை வரல்ல. அவளுக்கு வயசு போவுதே, அது தெரியாண்டாமாலே?"

அப்பா அசையவில்லை. தம்பி செத்துவிட்டான் என்று தன் கையாலேயே சொல்ல அவருக்கு மனம் துணியவில்லை. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். உருவை யாரோ பழையாற்றில் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். பெரியப்பாவோடு நான் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சித்தப்பா வரவே இல்லை. சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தலை நரைத்த பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக்கு மஞ்சள் பூசினாள். அப்பா கடைசிவரை அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

முதல் தாலியை அறுத்துவிட்டால் மறுதாலி கட்டிக்கொள்வது எங்களில் உண்டு. சித்திக்காகப் பூதப்பாண்டியில், மனைவியை இழந்த ஒருவரிடம் பெரியப்பா பேசி முடித்தே வைத்திருந்தாராம். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அம்மாதான் சொன்னாள். அன்றைக்கு அந்த முற்றத்தில் கல்நெஞ்சக்காரராக எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.