தோர்த்தில் ஆன போணி

நாற்பத்து மூன்று வயதில் நான் வேலைக்குப் புதியவன் ஆனேன்.

அதற்கு முன்பும் அதே முதலாளியிடம்தான் இருந்தேன். ஆனால் கடையில் இல்லை. கடைக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளியிருந்த கோடவுனில். லாரியில் வரும் துணிக்கட்டுகளை இறக்கி, பிரித்து, அடுக்கி, கடையிலிருந்து கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது தோதாக இருந்தது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கூச்சம் மட்டும் நிற்காமல் கூடவே வளர்ந்தது. புது முகத்தைப் பார்த்தாலே நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிறகு சரக்கு வாரா வாரம் பார்சல் வேனில் சின்னக் கட்டுகளாக வரத் தொடங்கியது. முதலாளி கோடவுனை விட்டுவிட்டார். என்னையும் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கூப்பிட்டு, "முன்னால வந்து நில்லும்வே. ஓணம் வரைக்கும் பாப்போம்" என்றார்.

மலையாளிகள் ஊரில், சாலை என்கிற கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் எங்கள் தமிழ் ஆட்களுக்குப் போணி பெரிய விஷயம். காலையில் முதலில் படியேறுகிறவர் ஏதாவது வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். அந்தப் பணத்தை முதலாளி கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்ட பிறகுதான் கடைக்கு மூச்சு வரும். முதல் ஆள் வெறுங்கையோடு இறங்கிவிட்டால், அன்று கரண்ட் போனால்கூடக் காரணம் அவருக்குத் துணி காட்டியவன்தான்.

இரண்டாம் நாளே அது என் தலையில் விழுந்தது. ஒரு மலையாள அம்மாவும் மகளும் ஓணத்துக்கு உடுத்தும் செட்டுமுண்டு கேட்டு வந்தார்கள். இரண்டு எடுத்துப் போட்டேன். "வேறே உண்டோ?" என்று மகள் கேட்டாள். பின்னால் அலமாரி நிறைய இருந்தது.

"உண்டு" என்றேன்.

அவ்வளவுதான். எடுத்துக் காட்டத் தோன்றவில்லை, மேலே பேசவும் வரவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் பெண் அடுத்த தெருவான வலியசாலைக்காரி, மலையாளம் கலந்து பேசுவாள். வயதில் எனக்கு மகள் மாதிரி. வேலையில் எனக்கு மூத்தவள். "அண்ணா, உண்டுன்னு சொன்னாப் போதாது, எடுத்து இடணும். உங்க வாக்கை விசுவசிச்சு அவங்க காசு தருமோ?" என்றாள்.

அடுத்த வாரமும் போணி என்னால் போனது. அன்று மத்தியானம் நிஜமாகவே கரண்ட் போனது. எல்லோரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு போணி நேரத்தில் ஒளிந்துகொள்ளப் பழகினேன். கடை திறந்ததும் துடைப்பத்தை எடுத்து வாசலைக் கூட்டுவேன். தண்ணீர் தெளிப்பேன். திரும்பவும் கூட்டுவேன். யாராவது படியேறினால் குனிந்துகொள்வேன்.

"என்னவே, வாசலத் தேச்சு ரோட்டோட சேத்துருவீரோ?" என்று முதலாளி கல்லாவிலிருந்து கேட்டார்.

"அண்ணன் கார்ப்பரேஷனுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்காராக்கும், அண்ணாச்சி. இது பிராக்டீஸ்" என்றாள் அந்தப் பெண்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரே பயம். ஓணம் முடிந்ததும் போகச் சொல்லிவிடுவார். இந்த வயதில் எந்தக் கடையில் போய் வேலை கேட்பது?

அதே சமயம் என் மகளும் முதல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தெரியாதவர்களுக்கு நாள் முழுக்கப் போன் செய்து இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்கிற வேலை. எனக்கு அதை நினைத்தாலே வியர்க்கும்.

"பாதிப் பேச்சுல வச்சிட்டுப் போனா உனக்கு ஒண்ணும் தோணாதா, மக்கா?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"மொத வாரம் பாத்ரூம்ல போய் அழுதேன்ப்பா. இப்ப எங்க நேரம்? ஒருத்தர் வச்ச உடனே கம்ப்யூட்டரே அடுத்த நம்பரப் போட்டுரும். வச்சது யாருன்னு நினைக்கதுக்குள்ள அடுத்த ஆள் ஹலோங்காரு." சொல்லிவிட்டு, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.

அவள் அழுதது எனக்கு அன்றுதான் தெரியும். இன்னொன்றும் தெரிந்தது. வாசலில் துடைப்பத்தோடு நிற்பவனுக்கு அடுத்த ஆள் என்று ஒருவர் வரவே மாட்டார்.

தெரிந்ததே ஒழிய, துடைப்பத்தை விடவில்லை. மழைதான் விட வைத்தது.

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஒருநாள் விடிந்ததிலிருந்தே கொட்டியது. அந்தப் பெண் இன்னும் வந்து சேரவில்லை. முதலாளி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கூட்டுவதற்கு வாசலே இல்லை, தண்ணீர் ஓடியது. அப்போது சொட்டச் சொட்ட ஒருவர் படியேறி வந்தார். என் வயது இருக்கும். கையில் ஒடிந்த குடை. தரையில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து அவருக்கே வெட்கமாகி, சுவரோடு ஒட்டி நின்றார். எனக்கு நன்றாகத் தெரிந்த நிற்பு அது. நான் எதையும் யோசிக்கவில்லை. கைக்கு எட்டிய தோர்த்துத் துண்டு ஒன்றை உருவி, "தல துடைச்சோளு" என்று கொடுத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அவர் தலையைத் துவட்டி முடிக்கும்போதுதான் பார்த்தேன். அது விற்பனைக் கட்டிலிருந்த புதுத் தோர்த்து. விலைச்சீட்டு அவர் காதோரம் ஆடிக்கொண்டிருந்தது.

கல்லாவிலிருந்து முதலாளியின் இருமல் கேட்டது. போணியும் போயிற்று, சரக்கும் போயிற்று என்று நினைத்தேன். வந்தவர் சீட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"அய்யோ, இது புதியதாணல்லோ!"

"சாரமில்ல" என்றேன். பரவாயில்லை என்பதற்கு அவர்கள் சொல் அது.

"இல்ல, இது எனக்கு இருக்கட்டே. நல்ல தோர்த்து." இன்னொன்றும் எடுக்கச் சொன்னார். மழை குறையும்வரை இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் இறங்கியதும் முதலாளி பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "மழைக்கு ஒதுங்குனவன் தலையில துண்டப் போட்டு வித்துட்டீரேவே!"

அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். அது நனைந்திருந்தது. பரவாயில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

நனைந்துகொண்டே வந்து சேர்ந்த பெண், விஷயத்தைக் கேட்டதும், "அண்ணனா போணி? அப்ப மழை சும்மாவா பெய்யுது!" என்றாள்.

மறுநாளிலிருந்து உள்ளே நின்றேன். பேச்சு வந்துவிடவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் கை வந்தது. கேட்பதற்கு முன்பே எடுத்து விரித்தேன். சிலர் வாங்கினார்கள், சிலர் போனார்கள். ஓணம் வந்து போனது. முதலாளி போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

ஒருநாள் காலை, போணிக்கு வந்த ஒரு பெண்மணி, நான் கவுண்டர் நிறைய விரித்த சேலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான் மடிக்க ஆரம்பித்தேன். பாதி மடிப்பதற்குள் வேறொருவர் படியேறி வந்து கைலி கேட்டார். எடுத்துப் போட்டேன், வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து யோசித்தால், முதலில் போனவரின் முகமே நினைவில் இல்லை.

அன்று சாயங்காலம் நானாகவே கல்லாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஓணம் முடிஞ்சிட்டு, அண்ணாச்சி. பாப்போம்னு சொன்னிய."

"என்னத்தப் பாப்போம்னேன்?"

"நான் நிக்கணுமா, போகணுமான்னு."

அவருக்கு அது மறந்தே போயிருந்தது. "போகச் சொன்னா எங்கவே போவீரு? தீபாவளிச் சரக்கு நாளைக்கு இறங்குது, நேரத்தோட வாரும். துடைப்பத்த மட்டும் தொடாதையும். கூட்டுறதுக்கு வேற ஆளச் சொல்லியாச்சு."

அன்று பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்தில் இருந்தவரிடம் நானாக வாய் திறந்து, மழை வருமா என்று கேட்டேன். வராது என்றார்.