வலங்கைமான் மதகும் இரண்டு லிஸ்பும்

வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த அந்த விவசாயப் பெண்மணி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எங்கள் தஞ்சாவூர் அலுவலகத்தின் பளபளத்த தரையில் வெறுங்காலோடு நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினார். "பழைய மதகு கணுக்காலுக்கு இருந்துச்சுங்க. நீங்க போட்ட புதுசு இவ்ளோ ஒசரத்துல நிக்குது. தண்ணி ஏறி வருமாங்க?" மேட்டூரில் தண்ணீர் திறக்க மூன்று வாரம்கூட இல்லை. முதலாளி வரைபடத்தை எடுத்து விரித்தார். 'வரைந்தவர்' என்ற கட்டத்தில், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் வரைவாளரின் பெயர் இருந்தது. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

வாய்க்காலுக்கும் மதகுக்கும் வரைபடம் போட்டுக்கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். நாகூர்ப் பக்கம் கடலுக்குப் போகும் குடும்பம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒப்பந்த வேலையில் இருந்தார். வரைபட மென்பொருளுக்குள் சின்னச் சின்ன நிரல்கள் எழுத லிஸ்ப் என்றொரு மொழி உண்டு. யாரும் சொல்லித்தராமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டு அவர் எழுதிய நிரல்தான் அலுவலகத்துக்கே சோறு போட்டது. அளவுகளைக் கொடுத்தால் வாய்க்காலின் மட்டத்தை அதுவே வரைந்துவிடும். அவரை நிரந்தரமாக்கும் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்காக முதலாளி மேசையில் இருந்த சமயம் அது. கடிதம் வந்தால் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்ட அட்டை கிடைக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் பொறியியல் படித்த திமிரோடு வந்தவன். கல்லூரியில் லிஸ்பின் வேறொரு கிளைமொழியைப் படித்திருந்தேன். அலுவலகம் புதிய மென்பொருளுக்கு மாறியபோது, அக்காவின் நிரலை என் கிளைமொழிக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. வரிக்கு வரி மாற்றினேன். ஒரு வாய்க்காலின் அளவுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன்; அச்சு அசலாக வந்தது. மார்தட்டிக்கொண்டேன். அந்த நிரலை நம்பித்தான் அக்கா வலங்கைமான் மதகை வரைந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பக்கத்தில் அசையாத ஓர் இடத்தை, பாலத்துக் கட்டையையோ கோயில் படியையோ, தொடக்க மட்டமாக வைத்துக்கொண்டு அளப்பார்கள். ஊருக்கு ஊர் அந்த மட்டத்தின் எண் மாறும். அக்காவின் நிரலில் கணக்குப் போடும் சிறு பகுதி, தொடக்க மட்டம் என்னவென்று தன்னைக் கூப்பிட்ட இடத்திடமே கேட்டுக்கொள்ளும். அவருடைய லிஸ்பில் அது நடக்கும். என் லிஸ்பிலோ, ஒரு பெயருக்கு என்ன மதிப்பு என்பது அது எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்தது; கூப்பிட்டவர் யாரென்று அது பார்க்காது. அதனால் நான் மாற்றிய நிரல், தொடக்க வரிகளில் அக்கா மாதிரிக்காக எழுதியிருந்த திருக்கடையூர் எண்ணையே எல்லா ஊருக்கும் எடுத்துக்கொண்டது. நான் சோதித்ததும் அதே திருக்கடையூர் வாய்க்காலைத்தான். பிறகு எப்படித் தப்பு தெரியும்?

அக்கா அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். பழைய நிரலையும் புதியதையும் ஓட்டி, இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தார். "சமையக்காரரு எந்த வீட்டுல சமைக்கிறாரோ அந்த வீட்டு உப்பத்தான சார் போடணும்? உங்க ஆளு எங்க போனாலும் தன் வீட்டு உப்பையே தூக்கிட்டுப் போறாரு." எனக்கு வந்ததே கோபம்! என்னுடையதுதான் முறையான மொழி, உங்களுடையதில் யார் எதை மாற்றினார்கள் என்றே தெரியாது என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினேன். சொன்னதில் பொய்யும் இல்லை. அக்கா பொறுமையாகக் கேட்டார். "எது சரின்னு அப்பறம் பேசிக்கலாங்க சார். இப்ப மதகை யாரு எறக்குறது?"

அவரேதான் இறக்கினார். சரியான மட்டத்தை அன்றே வரைந்து, வலங்கைமானுக்குப் போய், உடைத்துக் கட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றார். தண்ணீர் வருவதற்குள் வேலை முடிந்தது. ஆனால் இது எதனால் வந்தது என்று முதலாளி கேட்டபோது, "சாஃப்ட்வேர்ல ஒரு பிரச்சனைங்க" என்றேன் நான். அந்த அலுவலகத்தில் சாஃப்ட்வேர் என்றால் அக்காவின் நிரல்தான். தெரிந்தேதான் சொன்னேன். முதலாளி அக்காவின் கடிதத்தை நான்காகக் கிழித்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் முதலாளி முன்னால் போய், மாற்றி எழுதியவன் நான், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். "நீயா? விடுப்பா. படிச்ச புள்ள, புதுசுல இப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிடும்." அக்காவின் கடிதம் என்னவாகும் என்று கேட்டேன். "அதை அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். "அவரு அப்படித்தான் சொல்லுவாருன்னு தெரியுங்க சார். அன்னிக்கே நான் வாயத் திறந்திருந்தா, உங்க மேல பழி போடுறேன்னுல்ல நெனச்சிருப்பாரு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு நாகூருக்கே போய்விட்டார்.

அவர் போன சில வாரங்களில் ஒரு நிரந்தரக் கடிதம் தட்டச்சானது, என் பெயருக்கு. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இன்று அதே அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இரண்டு லிஸ்பின் வேறுபாட்டைப் பாடமாக நடத்துகிறேன். திருக்கடையூர் எண்ணைச் சொல்கிறேன், வலங்கைமான் மதகைச் சொல்கிறேன், தப்பு என்னுடையது என்றும் சொல்கிறேன். நன்றாகச் சிரிக்கிறார்கள். என் பெயருக்கு வந்த அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.