பதிலுக்காகக் காத்திருக்கிறது

இது உண்மையில் நடந்தது. கட்டுக்கதை என்று நினைத்துக்கொண்டு படிப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு நஷ்டமில்லை. நடந்தது பட்டப்பகலில். எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில், என் அலுவலகத்தில், 2019 ஏப்ரல் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. மாலை 4:09க்கு ஆரம்பித்து 4:31க்கு முடிந்தது. நான் கணினிக்காரி. நேரத்தைக் குறித்துவைப்பது என் பிழைப்பு.

என் பெயர் சோல்போன். மலைக் கணவாய்களில் பனிச்சரிவைக் கண்காணிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து தகவல் வாங்கும் ஸ்கிரிப்ட்டுகளை, அதாவது சின்னக் கணினி நிரல்களை, எழுதுவது என் வேலை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பனியின் ஆழத்தையும் காற்றையும் கருவியே சொல்லிவிடும். நிலையத்தில் இருக்கும் மனிதனிடம் குறித்த நேரங்களில் ஒரே ஒரு கேள்விதான்.

“எல்லாம் நலமா?”

பதிலைத் தட்டி என்டர் அழுத்தவேண்டும். ‘இல்லை’ என்று வந்தால் எங்கள் அறையில் மணி அடிக்கும், மீட்புப் படை கிளம்பும். ஆக்-தெரெக் நிலையத்தில் அந்தப் பதிலைத் தட்டியவன் ஜூமார்த். என் கணவன். பதினைந்து நாள் மலையில் தனியாக இருப்பான், பதினைந்து நாள் வீட்டில். கல்யாணமாகி நாலு வருடம். அவனுக்குக் கேள்வி வந்தால் ஒற்றை விரலால் பதில் தட்டத் தெரியும். தானாக ஒரு கட்டளை போடத் தெரியாது. நானும் சொல்லித்தரவில்லை. தேவைப்படும் என்று தோன்றவே இல்லை.

முதலில் அந்த ஸ்கிரிப்ட் பதில் வரும்வரை காத்திருக்கும். அவன் வெளியே பனி அளக்கப் போயிருப்பான், அது அப்படியே நிற்கும், தகவல் வராது, மேலதிகாரி அவனை வறுத்தெடுப்பார். ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

“உன் மிஷின் உங்கம்மாவை விட மோசம்டி. பதில் சொல்ற வரைக்கும் நகரவே மாட்டேங்குது.”

“எங்கம்மாவை ஏன் இழுக்கிற?”

“ஒரு நிமிஷம் பாரு. நான் ஒண்ணும் தட்டலன்னா நலம்னு நீயே போட்டுக்கோ. நம்ம ஆளுங்கள்ல எவன் நலமில்லன்னு சொல்லியிருக்கான்?”

அது உண்மைதான். எங்கள் ஆட்கள் கால் ஒடிந்து கிடந்தாலும், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் முதலில் நலம் என்றுதான் சொல்வார்கள். ஒடிந்த கால் மூன்றாவது கோப்பைத் தேநீருக்குப் பிறகுதான் பேச்சில் வரும். சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தேன். அறுபது நொடியில் பதில் வராவிட்டால் ‘நலம்’. ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதிய கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

பிப்ரவரி பதினேழு, மதியம் 2:20க்கு ஆக்-தெரெக்கில் பனி சரிந்தது. யாருக்கும் தெரியாது. 3 மணிக் கேள்விக்கு ‘நலம்’ வந்தது. 6 மணிக்கும் ‘நலம்’. அடுத்த கேள்வி காலை 6 மணிக்குத்தான். நான் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தகவலே வரவில்லை. மதியம் மீட்புப் படை தோண்டி எடுத்தது. மேஜைக்கு அடியில், உத்தரம் காலில் விழுந்த நிலையில் கிடந்தானாம். ஒரு கை மட்டும் மேஜைமேல், கீபோர்டில் இருந்ததாம். அறுபது நொடிக்குள் அது அங்கே எட்டியிருக்காது. இறந்தது இரவு இரண்டு மணிவாக்கில் என்று மருத்துவர் எழுதினார். கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறான். அந்த நேரம் முழுக்க அவன் நலமாக இருப்பதாக என் மிஷின் சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி பனி கொட்டியதால் உடலை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மற்றதெல்லாம் பனிக்கு அடியிலேயே கிடந்தது.

அவன் இறந்த நாற்பதாம் நாள் விருந்து முடிந்தது. விருந்துக்குப் போர்சோக் மாவுத் துண்டுகள் பொரித்து எண்ணெய் வாடை போகாத கையோடு வேலைக்குத் திரும்பினேன். மற்ற நிலையங்களுக்காக அந்த ஸ்கிரிப்ட்டைத் திருத்தச் சொன்னார்கள். அந்த வரியை அழித்தேன். இனி பதில் வரும்வரை அது காத்திருக்கும்.

ஏப்ரல் ஐந்து. என் கணினியில் சோதித்துப் பார்த்தேன். நெட்வொர்க் ஒயரைக் கையாலேயே பிடுங்கி வைத்திருந்தேன். சோதிக்கும்போது எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

“எல்லாம் நலமா?”

கர்சர் மினுங்கியது. எனக்குப் பதில் தட்ட மனம் வரவில்லை. எழுந்துபோய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். மணி 4:09.

கேள்விக்குக் கீழே ஓர் எழுத்து இருந்தது.

“இ”

பக்கத்து மேஜையில் ஆர்கடி அண்ணன். அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், ரஷ்யர், யார் வம்புக்கும் போகாதவர்.

“அண்ணே, என் கீபோர்டைத் தொட்டீங்களா?”

“நான் ஏம்மா தொடுறேன்.”

“எதுவோ தட்டியிருக்கு.”

“கப்பை வெச்சப்போ பட்டிருக்கும். நீ வீட்டுக்குப் போயேன், சோல்போன். மூஞ்சியே சரியில்ல.”

அவர் சிகரெட் பிடிக்க வெளியே போனார். நான் அந்த எழுத்தை அழித்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

4:14. டக்.

“இ”

கீபோர்டில் எந்த விசையும் அசையவில்லை. சத்தம் மட்டும் வந்தது. எங்கோ மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல்...

டக்.

நீண்ட இடைவெளி. நான் எண்ணினேன். இருபத்தாறு நொடி.

டக்... டக்...

“இல்லை”

பிறகு என்டர். அதுவும் தானாக.

ஸ்கிரிப்ட் தன் கடமையைச் செய்தது. “தகவல் கிடைத்தது. உதவி வருகிறது” என்று எழுதிவிட்டு முடிந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை. ஒயர் தரையில் கிடந்தது.

அறை குளிர்ந்துகொண்டே வந்தது. தேநீரில் ஆவியே இல்லை. ஊற்றிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை...

நான் ஒரே வரியில் புதிதாக ஒரு கேள்வி எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள். நீங்களாக இருந்தாலும் எழுதியிருப்பீர்கள்.

“யார் அது?”

4:21. டக். டக். டக்.

“நான்தான் .”

புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி. ஜூமார்த் எப்போதும் அப்படித்தான் தட்டுவான். எத்தனை முறை திருத்தினாலும் கேட்கமாட்டான். எனக்கு அழுகை முட்டியது. பயத்தால் இல்லை. அப்போது பயம் இன்னும் வரவில்லை.

“எங்கே இருக்கே?”

4:24. ஒன்றும் இல்லை.

4:26. ஒன்றும் இல்லை.

4:28.

“மேஜைக்கு அடியில . கால் மாட்டிக்கிச்சு .”

பிறகு எழுத்துகள் வேகமாக வந்தன. தப்பும் தவறுமாக. அழித்து அழித்து...

“உதவி வருதுன்னு போட்டிருக்கே . ஆள் கிளம்பிட்டாங்களா ?”

அடுத்த வரி.

“சோல்போன் நீதானே ?”

என் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை.

டக்.

டக்.

டக்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஆர்கடி அண்ணன் திரும்பி வந்திருந்தார். நான் துள்ளிவிட்டேன். என் இடது கை தானாகப் போனது. கண்ட்ரோல், சி. ஓடும் எதையும் அறுத்து நிறுத்தும் இரண்டு விசைகள்.

நிறுத்திவிட்டேன்.

4:31.

காரணம் பயம்தான். வேறு சாக்கு சொல்லமாட்டேன். நாலு வருடம் ஒரே கம்பளிக்குள் படுத்தவன், நீதானே என்று கேட்டான். நான் பயந்துபோய்ப் பேச்சை அறுத்தேன்.

உடனே மறுபடி கேட்டேன். “ஜூமார்த், இருக்கியா?” கர்சர் மினுங்கியது. இருட்டும்வரை மினுங்கியது. அந்தத் திரையை நான் மூடவே இல்லை, நாலு நாள் அப்படியே விட்டுவைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாம் நாள் ஆர்கடி அண்ணன் என்னைக் கேட்காமல் கணினியை அணைத்தார். சண்டை போட்டேன்.

ஜூன் மாதம் பனி உருகியது. ஆக்-தெரெக்கிலிருந்து நசுங்கிய கணினியைக் கொண்டுவந்தார்கள். பேட்டரியில் அதிகாலை ஐந்து மணிவரை ஓடியிருக்கிறது. உள்ளே இருந்த பதிவு கெடவில்லை. ஆர்கடி அண்ணன்தான் முதலில் திறந்து பார்த்தார். படித்ததும் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

“அண்ணே, என்ன இருக்கு?”

“வேணாம்மா.”

“திருப்புங்க.”

திரையை என் பக்கம் திருப்பினார்.

பிப்ரவரி 17. 18:01, நலம். அதற்குப் பிறகு காலைவரை ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தது.

19:40, “எல்லாம் நலமா?” 19:45, “இல்லை”. அதற்குக் கீழே, உதவி வருகிறது. அதற்குக் கீழே, யார் அது. எங்கே இருக்கே. நான் ஏப்ரலில் பிஷ்கெக்கில் உட்கார்ந்து, எங்கும் சேமிக்காமல் தட்டிய கேள்விகள். நாற்பத்தேழு நாள் முன்னால், அவன் உயிரோடு இருந்த இரவில், அவன் திரையில். அவன் தட்டிய பதில்கள், புள்ளிக்கு முன்னால் இடைவெளியோடு. ஒவ்வொன்றுக்கும் நடுவே இருந்த நிமிட இடைவெளிகூட மாறவில்லை.

அன்று என்னிடம் பேசியது செத்தவன் இல்லை.

20:02, நிறுத்தப்பட்டது.

கேள்வி அறுந்துபோனால் வெறும் கட்டளை வரிதான் மிஞ்சும். அங்கே எதைத் தட்டினாலும் அதைக் கட்டளை என்றுதான் மிஷின் எடுத்துக்கொள்ளும். அவனுக்கு அது தெரியாது. ரஷ்ய மொழி அவனுக்குத் தடுமாறும் என்று, அந்த மிஷின் சொல்லும் பதில்களையெல்லாம் எங்கள் மொழியில் மாற்றிவைத்தவள் நான். அதனால் அவனுக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

20:03, “சோல்போன்”
“சோல்போன்: அப்படி ஒன்று இங்கே இல்லை.”

20:05, “சோல்போன்”
“சோல்போன்: அப்படி ஒன்று இங்கே இல்லை.”

பதினோரு முறை தட்டியிருக்கிறான். கடைசியாக 1:38க்கு. அதற்கும் அதே பதில்தான் போயிருக்கிறது.