படிகாரத் தொட்டிக்குள் யார்?

நான் உங்கள் காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இது நடந்தது. அதுவும் எனக்கு, போன வாரம்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு இரவு ஷிஃப்ட். இரண்டு ஆள் உயர இரும்புத் தொட்டியில் படிகாரத் தூளைக் கொட்டி வைத்திருப்போம். அடியில் ஒரு திருகு சுற்றிச் சுற்றி, தூளை அளவாகத் தண்ணீரில் தள்ளும். ஈரக்காற்று பட்டால் தூள் உள்ளேயே கட்டிக்கொண்டு விழாமல் மக்கர் செய்யும். அப்போது ஒருவர் மேலே ஏறிக் கம்பியால் குத்துவார், இன்னொருவர் கீழே நின்று மரச்சுத்தியால் தட்டுவார். உள்ளே மட்டும் இறங்கவே கூடாது. பார்க்கக் கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் ஆளையே விழுங்கிவிடும்.

அன்று இரவு 2.10. தூள் நின்றுவிட்டது. கூட வேலை பார்க்கும் அண்ணன் கம்பியோடு ஏணியில் ஏறினார். நல்ல கனத்த உடம்பு. பாவம், ஏணிதான் முனகியது. மோட்டார் இரைச்சலில் நான் கீழே தட்டினேன்.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டொக்... டொக்... டொக்...

"அண்ணே?"

அண்ணாந்து பார்த்தேன். ஏணியில் ஆள் இல்லை. கம்பி மட்டும் விளிம்பில் சாய்ந்திருந்தது.

உள்ளே விழுந்துவிட்டார்! சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் தாவி ஏறினேன். வெள்ளைத் தூளின் நடுவே கருப்பாக ஒரு பள்ளம்.

பள்ளத்திலிருந்து அவர் குரல்.

"தம்பி... கை குடு..."

குனிந்தேன். கையை நீட்டினேன்.

இன்னும் ஒரு சாண்...

"டேய்! அங்க என்னடா பண்றே?"

அண்ணன்.

கீழே, வாசலில். கையில் டார்ச். உள்ளே இருட்டு என்று, நான் தட்டிக்கொண்டிருந்தபோதே இறங்கி அதை எடுக்கத்தான் போயிருந்தாராம்.

பள்ளத்துக்குள் குரல் நின்றது.

காலையில் தொட்டியைக் காலி செய்தோம். உள்ளே யாருமில்லை. ஆனால், வெளியிலிருந்து தட்டினால் தகடு உள்பக்கம்தானே குழிய வேண்டும்? நான் தட்டிய இடத்தில் அது வெளிப்பக்கம் புடைத்திருந்தது.

அண்ணன் அந்தப் புடைப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"போன மாசம் என்னையும் கூப்பிட்டுச்சுடா. உன் குரல்ல. நீ அன்னைக்கு லீவுங்கறதே அப்ப தோணல."

"கை குடுத்தீங்களா?"

"குடுத்தேன். பிடிச்சுத் தடவிப் பார்த்துச்சு... 'நீ இல்ல'ன்னு விட்டுருச்சு."