ஒரு தட்டு போதும் என்றவர்

எங்கள் குழுவின் பாடல்களை இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட நினைத்திருந்தோம். காரைக்குடியில் எங்களுக்கு ஒலிக்கலவை செய்தவர் நரைத்த தாடிக்காரர். எந்தப் பாட்டையும் சுவரைப் பார்த்தபடிதான் கேட்பார். எல்லாம் கேட்டு முடித்துத் திரும்பி, "ஒரு தட்டு போதும். பாதியை எடுத்துருங்க," என்றார்.

எங்கள் பாடகி கொதித்துவிட்டாள். "எதை எடுக்கச் சொல்றீக? செத்துப்போன எங்க அண்ணன் மெட்டையா?"

"அதைத்தான். கேக்குறவுகளுக்கு உங்க அண்ணனைத் தெரியாதும்மா."

அவள் விருட்டென்று வெளியே போனாள். வெகுநேரம் கழித்து வந்து, "எடுத்துருங்க," என்றாள்.

அந்த ஒற்றைத் தட்டை எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் கலவை முடிந்த அன்று நாங்கள் கிளம்பும்போது தாடிக்காரர் என்னைத் தனியே அழைத்து, "எடுத்த அந்த அண்ணன் பாட்டை நான் வச்சுக்கிறட்டுமா? தினமும் கேக்கணும்," என்றார். அவ்வளவு பிடித்ததை எப்படி வெட்டச் சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன்.