ரோபோவுக்குக் கண் சிவந்தால் என்ன செய்ய வேண்டும்?

போன வாரச் சனிக்கிழமை, கேமரன் மலை தானா ராத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில், என் மகள் ஒரு ரோபோவின் தலையில் ரோஜா சிராப் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

கை தவறிச் சிந்தவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று, கப்பை இரண்டு கைகளாலும் பிடித்து, குறி பார்த்து ஊற்றினாள்.

இரண்டு வாரம் முன்னால் இதே பத்தியில் ‘பிள்ளைகளை டிவி வளர்க்கலாமா?’ என்று நீட்டி முழக்கியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் பாராட்டிய அக்காமார்களே... அந்தப் பாராட்டுகளைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தி வெளியான அதே ஞாயிறுதான். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. மடிக்க வேண்டிய துணி சோபா முழுக்கக் கிடந்தது. டிவியில் ஏதோ ரோபோ படம். ஐந்து வயது யாழினி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தலாமா? நிறுத்தினால் அழுவாளே? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது டிவி பார்ப்பதாகாது, ‘பெற்றோர் கண்காணிப்பு’ ஆகிவிடும் — இப்படி எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு துணியோடு உட்கார்ந்தேன்.

படத்தில் ஒரு விஞ்ஞானி, கல்யாணம் ஆகாதவர், வீட்டு வேலைக்கு ஒரு பெண் ரோபோ செய்கிறார். லாரியைத் தூக்கும் கை அதற்கு. அந்தக் கையில் காப்பித் தட்டு. பட்டுச் சேலை, நெற்றியில் பொட்டு, தலையில் வாடாத மல்லிகை. சார்ஜ் போடும் வயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கடைசிவரை காட்டவே இல்லை. ‘கட்டளையிடுங்கள் ஐயா’ என்று செந்தமிழ் பேசுகிறது. விஞ்ஞானியின் அம்மாவுக்குக் கால் அமுக்கி விடுகிறது. அந்த அம்மா உருகிப்போய், ‘மருமகள்னா இவதான்!’ என்கிறார்.

எனக்கு எங்கோ சுருக்கென்றது. துணியை மடித்தேன்.

அப்புறம் விஞ்ஞானி வேறொரு பெண்ணிடம் சிரித்துப் பேச, ரோபோவுக்குப் பொறாமை வந்து கண் இரண்டும் சிவக்கின்றன. கிரைண்டர் பறக்கிறது.

“ஏம்மா கண்ணு செவக்குது?”

“கோவம் வந்தா செவக்கும்டா.”

“அப்ப என்னா பண்றது?”

“தண்ணி ஊத்துனா அடங்கிரும்.”

நான் சொல்லி வாய் மூடவில்லை, விஞ்ஞானி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். என் மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அதுவரை தினமும் பாத்திரம் கழுவி, வாசல் தெளித்தபோது ஒன்றும் ஆகாத ரோபோ உடம்பு, க்ளைமாக்ஸ் தண்ணீருக்கு மட்டும் புகைந்தது. எங்கள் கேமரன் மழையில் அந்த ரோபோ ஒரு சாயங்காலம்கூடத் தாங்காது! சாகும்போது ஒரே ஒரு கண்ணீர்த் துளி விட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... நானும் அழுதேன்.

அந்த வாரச் சனிக்கிழமை என் பிறந்தநாள். ஸ்டீம்போட் சாப்பிடலாம் என்று கணவர் அழைத்துப் போனார். மேசை நடுவில் சூப் சட்டி கொதிக்கும். கீரை, மீன் உருண்டை, கோழி எல்லாம் நாமே போட்டு எடுக்க வேண்டும். எனக்கு இருந்த பயமெல்லாம் அந்தச் சட்டி மேல்தான். யாழினியின் கை, சட்டி, யாழினியின் கை, சட்டி... இப்படியே பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னால் வந்ததைக் கவனிக்கவில்லை.

தட்டு அலமாரிக்குச் சக்கரம் வைத்தது போல ஓர் உருவம். உச்சியில் ஒரு ஸ்கிரீன், அதில் பூனை முகம். மீன் உருண்டை கொண்டு வந்தது.

“ரோபோ பாரு!” என்றார் கணவர்.

“இதுவா? சேல எங்க?” என்றாள் யாழினி.

என் நாற்காலி வழியை மறித்திருந்தது போலும். அது என் முதுகுக்குப் பின்னால் நின்று, “தோலோங் பெரி லாலுவான்” என்று மலாயில் வழி கேட்டது. நான் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டது. அப்புறம் பூனையின் கண்கள் சுருங்கின. சிவந்தன.

சளார்!

“பயப்படாதம்மா,” என்றாள் யாழினி, காலிக் கப்போடு. “அடங்கிருச்சு.”

கடைக்காரச் சீன அக்கா ஓடி வந்து எதையோ அழுத்த, பூனை முகம் அணைந்தது. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாழினியின் முகம் மெல்ல மாறியது.

“செத்துருச்சாம்மா?”

“அதுக்கு உயிரே இல்லடா.”

“அப்புறம் ஏன் டிவில அழுதுச்சு? நீயும்தான அழுத?”

உயிர் உண்டு என்றால் என் பிள்ளை கொலைகாரி. இல்லை என்றால் நான் எதற்காக அழுதேன்?

“நம்ம ஃபேக்டரில இலை தரம் பிரிக்குதே ஒரு மெஷின், அதுவும் ரோபோ மாதிரிதான் லா,” என்று கணவர் சமாதானம் சொல்ல வந்தார். “கோவம் வராது, அழாது. எனக்கு ஒரு காப்பிகூடக் கலக்கிக் குடுத்ததில்ல.” பிறகு என் பக்கம் திரும்பி, “பத்தி எழுதுறவங்க நீங்கதான் வெளக்கமா சொல்லணும்.”

யாழினி எதுவும் சாப்பிடவில்லை. உதடு பிதுங்கியபடியே இருந்தது. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று எழுந்து உள்ளே போனேன். அந்த அக்கா துண்டால் ரோபோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் மன்னிப்புக் கேட்டேன்.

“தா அப்பா லா!” என்று சிரித்தார். பரவாயில்லையாம். எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்தவர் போல. தமிழ் சரளமாக வந்தது. “ஒன் புள்ள சிராப்தானே ஊத்துச்சு? அன்னிக்கு ஒரு அங்கிள் தொம்யாம் சூப் ஊத்திட்டாரு. பாவம், இது தெனம் குளிக்குது.”

“கொஞ்சம் எங்க மேசைப் பக்கம் அனுப்ப முடியுமா அக்கா? மக அழுவுறா.”

அழுத்தினார். பூனை கண் திறந்தது.

ரோபோ மெதுவாக எங்கள் மேசைக்கு வந்தது, பின்னாலேயே நானும். வந்து — நம்புவீர்களா? — நான் விட்டுப்போன அதே நாற்காலியில் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி வழி கேட்டது. மறுபடி கண் சிவந்தது. யாழினி இறங்கினாள். அவள் நாற்காலியை இரண்டு கைகளாலும் இழுத்து நகர்த்திவிட்டு, “போ, போ... ஒனக்கு வேல இருக்குல்ல,” என்றாள். அது “தெரிமா காசே” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனது. அதன் பிறகுதான் என் பிள்ளை மீன் உருண்டையைத் தொட்டாள்.

சினிமாவுக்கு இரண்டே ரோபோதான் தெரியும். ஒன்று கால் அமுக்கும், இல்லாவிட்டால் ஊரைக் கொளுத்தும். தட்டைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, ஒரு நாற்காலி நகராதா என்று நிற்கிற ரோபோவை வைத்து யார் படம் எடுப்பார்கள்? ஆனால் பாருங்கள், எனக்கு அதுதான் நன்றாகப் புரிகிறது.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை. குளிர். பாலர் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. ஒரு சாக்ஸைக் காணோம், பல் இன்னும் துலக்கவில்லை, மேடம் யாழினி தரையில் உட்கார்ந்து பென்சில் சீவுகிறார். நான் கத்தினேன். வேன்காரருக்கே கேட்டிருக்கும்.

யாழினி தலை தூக்கி என் கண்களையே உற்றுப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கப் தண்ணீர். தளும்பத் தளும்ப.

அவள் கையைத் தூக்குவதற்குள் நானே வாங்கிக் குடித்துவிட்டேன்.